மெஷின் சத்தத்துக்குள் மாமா

என் அண்ணனுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் செவிடன். காதில் ஒரு குறையும் கிடையாது. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் எந்தச் சுருதியில் ஓடுகிறது என்று கேட்டால் சொல்லிவிடுவான். ஆனால் அடுத்த அறையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் கேட்காது. பள்ளிக்கூடம் போகிற வயதில் காதில் ஏறிய ஹெட்போன், பிறகு இறங்கவே இல்லை. எங்கள் வீட்டிலோ ஒருத்தர் இருக்கும் இடத்துக்கு எழுந்துபோய்ப் பேசுகிற வழக்கமே கிடையாது. குளியலறையிலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து மாடிக்கு, எல்லாம் கத்தல்தான். கூப்பிட்ட உடனே 'வரேன்' என்று பதில் வந்தாக வேண்டும். வருகிறோமோ இல்லையோ, வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். சொல்லாதவனுக்கு அம்மா கையால் முதுகில் விழும். அண்ணன் வாங்கிய அடியில் பாதி அதற்காகத்தான்.

வெளியே அவன் பெயருக்கு முன்னால் ஊடகக் கலைஞர் என்று போடுகிறார்கள். நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். என் தொழிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அவன் தொழிலைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவரின் டீ ஆறிவிடும். ஒரு பெரிய அறையை இருட்டாக்குவான். நாலு சுவரிலும் புரொஜெக்டர் வைத்துப் படம் ஓடவிடுவான். கம்ப்யூட்டரில் உண்டாக்கிய இசையை மூலைக்கு மூலை ஸ்பீக்கரில் விடுவான். இசை ஏறினால் படம் நடுங்கும், படம் அணைந்தால் இசை ஊளையிடும். நிறுவல் கலை என்பது அதன் பெயராம். ஜனங்கள் உள்ளே போய் இருட்டில் நிற்பார்கள், வெளியே வரும்போது யாரோ செத்துப்போன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வருவார்கள். அவனுடைய முதல் காட்சிக்கு அம்மாவைக் கூட்டிப்போனோம். தரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் ஓடின. இசை அதிர்ந்தால் அவை சிதறி மறுபடி கூடின. அம்மா பொறுமையாகப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, லைட்டை எப்போது போடுவார்கள் என்று கேட்டாள். அம்மா இருந்தவரை அவனுக்கு அந்தக் கோபம் போகவில்லை.

இதில் வயிறு நிறையாது. அதனால் கார் கம்பெனிக்காரர்கள் புது மாடலை மேடையில் திறந்துவைக்கும்போது பின்னால் ஓடுகிற படமும் முழக்கமும் செய்து கொடுப்பான். அந்த வேலையைப் பற்றிக் கேட்டால் கெட்ட வார்த்தை கேட்ட மாதிரி முகம் சுளிப்பான். அந்த வேலையில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிந்தது.

அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குப் புரிந்தது அம்மா படுத்த படுக்கையான பிறகுதான். அக்கா மருந்து கொடுத்துக்கொண்டிருப்பாள், நான் போர்வையைச் சரிசெய்துகொண்டிருப்பேன், இவன் அம்மாவின் இருமலைப் பிடிக்கத் தலையணைக்குப் பக்கத்தில் மைக்கை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருப்பான். அம்மா போன அடுத்த வருஷம் அந்த இருமலை வைத்து ஒரு காட்சி போட்டான். இருட்டுக்குள் அம்மா இருமுவாள். ஒவ்வொரு இருமலுக்கும் சுவரில் வெள்ளையாக ஒரு கீறல் விழும். அதற்குப் பரிசு கிடைத்தது. மேடையில் அம்மாவுக்கு நன்றி சொன்னான். அக்கா ரொம்ப நாள் அவனோடு பேசவில்லை. நான் பேசினேன். திட்டவாவது ஒருத்தன் வேண்டும் அல்லவா.

அண்ணியும் அதற்குப் பிறகு நிலைக்கவில்லை. வீட்டுச் சண்டையைக்கூடப் பதிவு செய்கிறவனோடு யார் குடித்தனம் நடத்துவது. பெட்டியைக் கட்டிக்கொண்டு போகிற அன்று என் காரில்தான் ஏறினாள். வழியில் அவள் சொன்னது ஒன்றே ஒன்று.

"நான் அழுதா உங்க அண்ணன் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறார். மீட்டரப் பாக்கறார்."

சத்தம் எவ்வளவு என்று காட்டுகிற பட்டை அது. பச்சையாக ஏறி, சத்தம் அதிகமானால் சிவப்பைத் தொடும். சிவப்பைத் தொட்டால் என் அண்ணன் முகம் மலரும். பெற்ற பிள்ளை நடக்க ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு வருகிற சிரிப்பு அவனுக்கு அப்போதுதான் வரும்.

இனி அக்கா. மூவரில் மூத்தவள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில், வந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஊசி குத்தும் அறைக்கு அனுப்புவது அவள் வேலை. நிலையத்தில் மைக் வாங்கிக் கொடுத்தார்களாம். எதற்குத் தண்டச் செலவு என்று அதைப் பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் குரலுக்கு வாசலில் நிற்கிற வண்டிக்காரன்கூடத் திரும்பிப் பார்ப்பான்.

அவள் புருஷன், எங்கள் மாமா, அவளுக்கு நேர் எதிர். பெயிண்ட் கம்பெனியில் நிறம் கலக்குபவர். அக்கா பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு 'ம்' போடுவார், அதுவும் யோசித்துத்தான். கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கல்யாண ஆல்பத்தில் பாதிப் படங்களில் அவருடைய காதுதான் இருக்கிறது. ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனவர் நிறம் கலக்குகிற இடத்திலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அவர் குரல் என்று மிச்சமிருந்தது ஒன்றுதான். வீட்டு வாஷிங் மெஷின் ஒழுகியபோது, மெக்கானிக்கிடம் காட்ட மாமா தன் போனில் ஒரு வீடியோ எடுத்திருந்தார். எடுக்கத் தெரிந்தவருக்கு அனுப்பத் தெரியவில்லை. போனையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தார். அதனால் அது அந்தப் போனைத் தவிர வேறெங்கும் இல்லை. அதில் அவர் முகம்கூட இல்லை. மெஷின் சுற்றுகிறது, அடியிலிருந்து தண்ணீர் வழிகிறது, நகத்தில் நீலப் பெயிண்ட் ஒட்டிய ஒரு விரல் வந்து அந்த இடத்தைக் காட்டுகிறது. "இதோ பாருங்க, இப்ப வேகமா சுத்தும். சுத்தறப்பதான் இங்கேருந்து வருது" என்று ஊரார் வீட்டு மெஷினைப் பற்றிச் சொல்கிற மாதிரி மரியாதையாகச் சொல்கிறார். பிறகு, "ஏம்மா, கொஞ்சம் இங்க வாயேன்" என்று கூப்பிடுகிறார். சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வருகிறது: "எனக்கென்ன நாலு கையா இருக்கு? வேற வேல இல்லையா உங்களுக்கு?" மாமா சிரிக்கிறார். சிரித்துவிட்டு ஏதோ சொல்கிறார். அந்த நேரம் பார்த்து மெஷின் முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. என்ன சொன்னார் என்று கேட்காது. அதோடு முடிந்தது.

அக்கா தினமும் மத்தியானம் நிலையத்து மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் போட்டுக் கேட்பாள். கடைசி இடம் வந்தால் போனைக் காதுக்குள் திணித்துக்கொள்வாள். என்னையும் கேட்கச் சொன்னாள். நானும் கேட்டேன், மெஷின்தான் கேட்டது.

"எதுக்குக் கூப்பிட்டார்னும் தெரியல, என்ன சொன்னார்னும் தெரியல. ஒரு எட்டு போயிருக்கலாம். அடுப்புல என்ன பெரிய சமையல்" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஒரு விடுமுறை நாளில் அக்கா வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடப் போயிருந்தபோது அண்ணன் அந்த வீடியோவைப் பார்த்தான். பார்த்தவன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, போனை வாங்கி மறுபடி போட்டான். சொந்த வீட்டு மனிதர் ஒருவரின் குரலுக்காக அவன் ஹெட்போனைக் கழற்றியதை நான் அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தேன். மெஷின் சத்தத்தைத் தனியாகப் பிரித்து எறிந்துவிட முடியும், மாமாவின் குரல் மட்டும் சுத்தமாக நிற்கும், அவர் கடைசியில் சொன்னது தெளிவாகக் கேட்கும் என்று அக்காவிடம் விளக்கினான். அக்கா சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள், கையைக் கழுவக்கூட எழுந்திருக்கவில்லை.

"அம்மாவுக்குப் பண்ணின மாதிரி பண்ண மாட்டியே" என்று மட்டும் கேட்டாள்.

இதை வைத்து ஒரு காட்சி போடுவேன், ஆனால் முதல் ஆளாக நீதான் கேட்பாய், அது முடிந்ததும் உன் கையிலேயே கொடுத்துவிடுவேன் என்றான். அந்த நேரத்தில் அவன் கிட்னியைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள். போனைக் கொடுத்தாள். இரண்டு நாளில் போன் திரும்பி வந்துவிட்டது. வீடியோ அதில் இல்லை. வேலை முடிகிறவரை தன்னிடம்தான் இருக்கும் என்றானாம். அக்கா நம்பினாள். மத்தியானங்களில் மாடிப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

காட்சி நடந்தது ஒரு பழைய கிடங்கில். அவனுடைய சாமான்களை வழக்கம்போல 'எல்' போர்டு மாட்டிய என் காரில்தான் ஏற்றிக்கொண்டு போனேன். உத்தரத்திலிருந்து வரிசையாக மைக்குகளைத் தொங்கவிடச் சொன்னான். ஏணியில் நின்றுகொண்டு, படம் காட்டுகிற இடத்தில் மைக் எதற்கு, யார் பாடப் போகிறார்கள் என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னான். உள்ளே யாராவது சத்தம் போட்டால், அந்த மைக்குகள் அதைக் கேட்டு, பதிவில் அடுத்து வரவேண்டிய கொஞ்சத்தை அழித்துவிடும். சின்னச் சத்தத்துக்குச் சின்னத் துண்டு, பெரிய சத்தத்துக்குப் பெரிய துண்டு. அழிந்த இடத்தில், டிவியில் சேனல் வராதபோது மொய்க்கிற மாதிரி வெள்ளைப் பூச்சியும் பீப் என்ற சத்தமும்தான் இருக்கும். பதிவு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடினாலும் அந்த இடம் திரும்ப வராது.

காப்பி இருக்கிறதல்லவா என்றேன்.

"இல்ல. காப்பி இருந்தா அது விளையாட்டு."

ஏணியிலிருந்து நான் எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் நிதானமாக நின்றான். அவனிடம் அதற்கும் ஒரு கணக்கு இருந்தது. அவனுடைய காட்சிகளுக்கு வருகிறவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுவார்கள். இதே ஏற்பாட்டை முன்பு ஒரு தடவை தன் சொந்த இசைக்கு வைத்திருந்தான், கடைசி நாள் வரை அதில் ஒரு கீறல்தான் விழுந்தது. அழிந்துவிடுமோ என்ற பயம்தான் இதில் கலை, நிஜமாக எதுவும் அழியாது, அக்காவுக்கு முழுசாகத் திரும்பக் கொடுப்பேன் என்றான். உண்மையாகவே அப்படித்தான் நம்பினான். இருட்டறைக்கு வந்து ஊமையாக நிற்கிற கூட்டத்தை அவனுக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். தன் வீட்டு மனிதர்களைத்தான் தெரியாது. எப்படித் தெரியும், ஹெட்போன் போட்டல்லவா வளர்ந்தான்.

ஒரே ஒரு காப்பி எடுத்து எங்கேயாவது வைத்துவிடு என்று கடைசியாகச் சொன்னேன். தலையை ஆட்டினான். அப்போது ஹெட்போன் அவன் காதில் இருந்தது. அவன் தலையாட்டினால், எதிரே ஒருத்தன் வாய் அசைகிறது என்று தெரிந்துகொண்டான், அவ்வளவுதான் அர்த்தம்.

திறப்பு நாளன்று சாயங்காலம் அக்காவைக் காரில் கூட்டிப்போனேன். மாமா வாங்கிக் கொடுத்த புடவையை இஸ்திரி போட்டுக் கட்டியிருந்தாள். அங்கே வாயைத் திறக்கக் கூடாது, சத்தம் போட்டால் பதிவு கெட்டுவிடும் என்று வழியெல்லாம் சொன்னேன். நான் என்ன சின்னக் குழந்தையா என்றாள். வாசலில் எல்லோருடைய போனையும் ஒரு கூடையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உள்ளே யாரும் பதிவு செய்யக் கூடாது என்பது அவனுடைய இன்னொரு சட்டம். காப்பி எடுத்தாயா என்று அவன் காதருகே போய்க் கேட்டேன். அப்புறம் பார்க்கலாம், ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றான். நான் திரும்புவதற்குள் அக்கா உள்ளே போய்விட்டாள்.

இருட்டு. பின்னால் நல்ல கூட்டம். சொன்ன சொல்லுக்கு அக்காவை முன்னால் நடுவில் நிற்கவைத்திருந்தான். அவள் வந்த பிறகுதான் முதல் ஓட்டத்தையே தொடங்கினான். நாலு சுவரிலும் மெஷின் எழுந்து சுற்றியது. சத்தமே இல்லாமல் சுற்றியது. ஆள் உயரத்துக்கு அந்த விரல் வந்தது, நகத்தில் நீலப் பெயிண்ட். "இதோ பாருங்க" என்றார் மாமா. அவ்வளவு சுத்தமான குரலை நான் அவர் உயிரோடு இருந்தபோதுகூடக் கேட்டதில்லை. மூச்சு இழுப்பது கேட்டது. எச்சில் விழுங்குவது கேட்டது. அக்கா புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். ஒரு சத்தம் வரவில்லை அவளிடமிருந்து. சொன்னபடி நிற்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏம்மா, கொஞ்சம் இங்க வாயேன்."

இந்த இடத்தில் சமையலறையிலிருந்து அக்காவின் பழைய பதில் வர வேண்டும். வரவில்லை. மாமாவின் குரலைத் தவிர மற்ற எல்லாமே அண்ணனுக்கு இரைச்சல். மெஷினைத் துடைத்தபோது, சமையலறையிலிருந்து கத்தியவளையும் சேர்த்துத் துடைத்துவிட்டான். மாமா கூப்பிட்ட பிறகு அங்கே ஒன்றுமே இல்லை. அந்த இடம் சும்மா கிடந்தது. நாலு பக்கமும் மாமா பதிலுக்குக் காத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

அக்கா தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"இதோ வரேங்க" என்றாள்.

பெயர் கூப்பிடுகிற குரல். மைக் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த குரல். கிடங்கின் தகரம் அதிர்ந்தது. அடுத்து வரவேண்டிய சிரிப்பு வரவில்லை. பீப் என்று ஒரு சத்தம்தான் வந்தது, சுவர்களில் வெள்ளைப் பூச்சி மொய்த்தது. அவளுக்குப் புரியவில்லை. சுவரைப் பார்த்து நடந்தாள். "என்னங்க, என்ன சொல்றீங்க, கேக்கலீங்க" என்றாள். கேட்கக் கேட்க அழிந்துகொண்டே போனது. என் வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, மாணவன் தப்புச் செய்தால் நான் மிதிப்பேன். அந்த இருட்டில் என் கால் வெறும் தரையை மிதி மிதியென்று மிதித்தது. பிறகுதான் ஓடிப்போய் அக்காவின் வாயைப் பொத்தினேன். புருஷனிடம் பேசிக்கொண்டிருந்தவளின் வாயைப் பொத்தினேன். அவள் என் விரலைக் கடித்தாள், நான் கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆரம்பம் இருந்தது, 'இதோ பாருங்க' இருந்தது, கூப்பிட்டது இருந்தது.

அப்போது பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அக்காவும் நானும் காட்சியில் ஒரு பகுதி, நடிக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார்கள். உள்ளம் உருகித் தட்டினார்கள். நிறுத்தாமல் தட்டினார்கள், ஆரம்பத்துக்குத் திரும்பிய பதிவும் துண்டு துண்டாக அழிந்தது. நான் அண்ணனைத் தேடினேன். மூலையில், திரை வெளிச்சத்தில் நின்றிருந்தான். நிறுத்துகிற பொத்தான் அவன் கைக்குக் கீழேயே இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். அவன் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டை சிவப்பில் நின்றது. அவன் முகம் மலர்ந்திருந்தது.

லைட் போட்டபோது நாலு சுவரும் வெள்ளையாக இருந்தன. அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு வந்தவனை நான் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாய்த்தேன். நிறுத்தியிருந்தால் அது பொய்யாகிப் போயிருக்கும் என்றான். அடிக்கக் கையை ஓங்கினேன். அக்கா இருந்த இடத்திலிருந்தே பேசினாள். குரல் கட்டிப்போயிருந்தது.

"அவன விடு. டேய், நீ கேட்டிருப்பே இல்ல. மெஷின் சத்தத்தப் பிரிச்சப்போ நீதானே கேட்டே. கடைசியா என்ன சொன்னார் உங்க மாமா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. நூறு தடவையாவது கேட்டிருப்பான் அல்லவா. நான் சட்டையை விட்டேன். இரண்டு பேரும் அவன் வாயைப் பார்த்தோம். அவன் யோசித்தான். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு பயம் வந்ததை நான் என் வாழ்நாளில் அன்று ஒரு நாள்தான் பார்த்தேன்.

"அக்கா, நான் வார்த்தையா கேக்கல" என்றான். "சத்தமா கேட்டேன்."

இரைச்சல் ஒட்டியிருக்கிறதா, மூச்சு உடைகிறதா, கீழ்ச்சுருதி சுத்தமாக நிற்கிறதா, இதைத்தான் கேட்டிருக்கிறான். மனிதர் என்ன சொல்கிறார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. எங்கே ஏறும், எங்கே நிற்கும், எங்கே இறங்கும் என்று அவனுக்கு மனப்பாடம். வேண்டுமானால் பாடிக் காட்டுகிறேன் என்றான். வாயை மூடிக்கொண்டு முனகினான். குட்டியாக ஒரு முனகல். மேலிருந்து இறங்கி, நடுவில் கொஞ்சம் நின்று, கடைசியில் லேசாக மேலே போயிற்று. வார்த்தை இல்லாத மாமா.

"இன்னொரு தடவ பண்ணு" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு அவனுக்கு ஏறுமுகம்தான். பத்திரிகையில் படத்தோடு எழுதினார்கள். அந்தப் பெண்ணின் நடிப்பு நிஜம் போலவே இருந்ததாம். வேறு ஊர்க் காட்சிக்கூடத்திலிருந்து ஒருத்தர், அங்கேயும் இதைச் செய்ய வேண்டும், அந்த அம்மாவையும் அழைத்துவர முடியுமா என்று கேட்டு எனக்கே போன் செய்தார். அந்த அம்மாவுக்கு இனி இழக்க ஒன்றும் பாக்கி இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஒன்று மட்டும் பிழைத்திருந்தது. மாமாவைப் பிரித்தெடுத்த பிறகு கழிவாக ஒதுக்கிய இரைச்சல், அவன் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியில் அப்படியே கிடந்தது. குப்பைக்கு அவன் சட்டம் எதுவும் போட்டிருக்கவில்லை. அதைத்தான் அக்காவின் போனில் ஏற்றிக் கொடுத்தான். மெஷின் சுற்றுகிறது, தண்ணீர் வழிகிறது, நடுவில் அக்காவின் குரல்: "எனக்கென்ன நாலு கையா இருக்கு? வேற வேல இல்லையா உங்களுக்கு?" அவ்வளவுதான். மாமா இருந்த இடமெல்லாம் பொத்தல்.

அக்கா அவனைத் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மத்தியானம் தன் வீட்டுக்கு வரவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டாள். அந்த வெளியூர்க் கூடத்துக்கு அவன் இரண்டு வாரம் போய்த் தங்க வேண்டியிருந்தது. போகக் கூடாது என்றாள், அவன் போகவில்லை. வாசலிலேயே அவன் ஹெட்போனைக் கழற்றி ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிடுவாள். சாப்பாடு போடுவாள். பிறகு எதிரில் உட்காரவைத்து இரைச்சலை ஓடவிடுவாள். கடைசி இடம் வந்ததும் அவன் முனக வேண்டும். அதற்குப் பொருந்துகிற மாதிரி அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பாள். கைவேலை ஆனதும் வா என்றாரா. துணி எடுத்துவிட்டாயா என்றாரா. சும்மாதான் கூப்பிட்டேன் என்றாரா. தெரியவில்லை அக்கா என்பான். மறுபடி ஓடும். மறுபடி முனகுவான். பார்க்கச் சகிக்காது. ஆனாலும் வாராவாரம் அவனைக் காரில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவது நான்தான். அவன் போக்கில் விட்டால் வரமாட்டான்.

அந்த முனகலையாவது பதிவு செய்து வைத்துக்கொள், இந்தக் கண்றாவி எத்தனை நாளைக்கு என்று அக்காவிடம் கேட்டேன்.

"பதிவு பண்ணிட்டா அப்புறம் இவன் எதுக்கு வரப்போறான்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தாங்க முடியாமல், நினைவு வந்துவிட்டது அக்கா என்றான். உன்னை மாதிரி ஒருத்தி எனக்குக் கிடைக்கமாட்டாள் என்று சொன்னாராம். அக்கா நம்பிவிட்டால் தேவலை என்று என் மனசு அடித்துக்கொண்டது. மாமா தன் ஆயுளில் அப்படி ஒரு பேச்சுப் பேசினதில்லை, அதோடு நீ முனகினது அவ்வளவு நீளமும் இல்லை என்றாள். பொய் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே என்று சொல்லிவிட்டுப் போனை மறுபடி தட்டினாள்.

போன வாரமும் போனோம். மெஷின் சுற்றியது. போனுக்குள்ளிருந்து அக்கா, நாலு கையா இருக்கு என்று கத்தினாள். எதிரில் உட்கார்ந்திருந்த அக்கா அதைக் கேட்டு முகம் மாறாமல் இருந்தாள். இடம் வந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு முனகினான். அக்கா போனை நிறுத்தினாள்.

"போன தடவ கடைசில மேல போச்சு. இப்ப ஏன் கீழ போகுது?"

அவன் மறுபடி முனகிப் பார்த்தான். பாதியில் நிறுத்தினான். வேறு மாதிரி முனகினான். அக்கா என்னைப் பார்த்தாள், எது சரி என்று. எனக்கும் தெரியவில்லை.